இருபத்து மூன்றாம் எண்ணும் சாமி அருவாளும்

கிள்ளானில் என் மாமனார் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. கத்தி, அருவாமனை, கத்திரிக்கோல் என்று கூரான சாமான் எது காணாமல் போனாலும் முதலில் என் காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள். அதன் பிறகுதான் மற்ற இடத்தில் தேடுவார்கள். நான் அங்கே இல்லாத நாளில் போன் வரும். "மாப்பிள்ளே, பழம் வெட்டற சின்னக் கத்தியக் காணோம். நீங்க எடுத்தீங்களா?" நான் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன். கத்தி கிள்ளானில் ஏதோ தட்டுக்கு அடியில் கிடக்கும். ஆனாலும் சந்தேகம் என் மேல்தான். அதில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் பண்ணிய காரியம் அப்படி.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில், ஒரு கம்ப்யூட்டர் போட்ட மார்க்கை நம்பி, முப்பது சொந்தக்காரர்களுக்கு முன்னால் என் மாமனாரைக் கட்டிப்பிடித்து, "நீங்க தனியா இல்ல மாமா" என்று சொன்னவன் நான். (அவர் பெற்ற பிள்ளைகளே அவரை அதுவரை கட்டிப்பிடித்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பகலில் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை, மிச்ச நேரத்தில் முதுகலைப் படிப்பு, மிச்சத்தின் மிச்சத்தில் புதுக் குடித்தனம். படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வு, சோஷியல் மீடியாவில் ஒருவர் எழுதுவதை வைத்து அவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைப்பது. விஷயம் ரொம்பக் கஷ்டமில்லை. சோர்வில் இருப்பவர்கள் எழுதியது, சாதாரணமாக இருப்பவர்கள் எழுதியது என்று இரண்டையும் மூட்டை மூட்டையாக அதற்குக் காட்டிப் பழக்க வேண்டும். பழகிய பிறகு, புதிதாக ஒருவர் எழுதியதைக் கொடுத்தால் அதுவே நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். மார்க் ஏற ஏற ஆபத்து. இங்கிலீஷில் இதை நிறையப் பேர் செய்துவிட்டார்கள். பாதி தமிழ், கால் மலாய், கால் இங்கிலீஷ் என்று நாம் எழுதுகிறோமே, அந்தக் கலவையில் முதலில் செய்யப்போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். (தேடிப் பார்த்தாயா என்று யாரும் கேட்காதீர்கள்.)

என் மனைவி ஷாமினியிடம் பெருமையாக விளக்கினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நேரா போய் கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"அது சயன்ஸ் இல்ல லா" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் வரும் அந்த 'லா'வை நான் இழுத்த இழுப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு ஆட்கள் வேண்டும். ஃபேஸ்புக்கில் எழுதுகிற, தங்கள் பதிவுகளை என்னிடம் கொடுக்கச் சம்மதிக்கிற நாற்பது பேர். மற்ற மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் போஸ்டர் ஒட்டி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. நம் ஆட்களிடம் புது மாப்பிள்ளைக்கு இருக்கிற மரியாதை ஒரு மந்திரிக்குக்கூடக் கிடையாது. கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு விருந்து வைத்தார்கள். வாழையிலை போட்டு, கோழி வைத்து, ரசம் ஊற்றும் நேரமாகப் பார்த்து நான் பையிலிருந்து சம்மதப் பாரத்தை எடுத்துக் கையெழுத்துக்கு நீட்டுவேன். மாப்பிள்ளை கேட்டு யார் இல்லை என்பார்கள்? காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை நாற்பது கையெழுத்தும் ஆறு கிலோ எடையும் சேர்ந்தன.

அந்தப் பாரத்தில் இரண்டு விஷயம் முக்கியம். ஆட்களின் பெயரை எடுத்துவிட்டு ஒரு எண் மட்டும் கொடுப்பேன். யாருடைய மார்க் என்ன என்பதை யாரிடமும், மனைவியிடம்கூட, சொல்ல மாட்டேன். அதற்கு நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மாமனார் வீட்டு விருந்தன்றும் பாரத்தை நீட்டினேன். மாமா பெயர் ரத்னவேலு. போர்ட் கிள்ளானில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் பகுதியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை பெரிது, பேச்சு சிறிது. பாரத்தை அவர் படிக்கவில்லை.

"எங்க சைன் போடணும்?" என்றார்.

பக்கத்தில் பாயசப் பாத்திரத்தோடு நின்ற என் மாமியார் சரோஜா அத்தை, "எதுக்குங்க அது?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்குப் படிப்பு விஷயம். ஃபேஸ்புக்காம்."

"ஃபேஸ்புக்கா? அதுல..." என்று அத்தை ஏதோ சொல்ல வந்தார்.

"பாயசத்த ஊத்து" என்றார் மாமா. அத்தை ஊற்றினார். நானும் குடித்தேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு கரண்டிப் பாயசம் மாதிரி எனக்குக் கெடுதல் செய்தது வேறு எதுவும் இல்லை.

என் மெஷினின் முதல் அவதாரம் ஒரே வாரத்தில் சந்தி சிரித்தது. நாற்பது பேரில் முப்பத்தொரு பேருக்கு மனச்சோர்வு என்றது. உள்ளே போய்ப் பார்த்தால், "ஃபெடரல் ஹைவே ஜாம்ல செத்தேன்", "சம்பல் காரம், உயிரே போயிருச்சு", "பிள்ளைங்க ரெண்டும் சாவடிக்குதுங்க", "இவன் ஜோக்கக் கேட்டு செத்துட்டேன் லா". நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாகிறோம் என்பது அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் மேலே, தொண்ணூற்றொன்பது மார்க் வாங்கி முதலிடத்தில் இருந்தவர் சுங்கை வேயில் இருக்கும் எங்கள் சின்ன மாமா. ஊரில் யார் இறந்தாலும் குத்துவிளக்குப் படம் போட்டு ஆழ்ந்த அனுதாபம் தெரிவிப்பதை அவர் ஒரு சேவையாகச் செய்துவந்தார். நேரில் பார்த்தால் அவரைவிடச் சந்தோஷமான மனுஷர் சிலாங்கூரில் கிடையாது.

என் ஆய்வை மேற்பார்வை செய்த டாக்டர் லிம் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் மெஷினை நம்பினால் உன் சொந்தக்காரர்களுக்காகவே ஒரு ஆஸ்பத்திரி கட்ட வேண்டும்" என்றார்.

இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு நம் பேச்சுவழக்கைச் சொல்லிக்கொடுத்தேன். சிரித்துச் செத்தால் சாவு இல்லை, அனுதாபம் தெரிவித்தால் சோகம் இல்லை. இரண்டாம் அவதாரம் பிரமாதமாக வந்தது. முப்பத்தொன்பது பேர் பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் சமத்தாக இருந்தார்கள். ஒரே ஒரு எண் மட்டும் சிவப்பில் நின்றது. இருபத்து மூன்று. மார்க் எண்பத்தெட்டு.

இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. எண்ணை டாக்டர் லிம்மிடம் சொல்ல வேண்டும். அவர் மனநல ஆலோசகரிடம் சொல்வார். ஆலோசகர் முறைப்படி அந்த ஆளிடம் பேசுவார். நான் என்ன செய்தேன்? பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். இருபத்து மூன்று, ரத்னவேலு, கிள்ளான்.

மாமாவா? அந்த மீசையா? பதிவுகளைத் திறந்தேன். பூப்படம், காலை வணக்கம், அதற்குக் கீழே சின்னச் சின்ன வரிகள்.

"இன்னிக்கும் விடிஞ்சிருச்சு."

"சமைச்சு மூடி வெச்சாச்சு. பசியில்ல."

"வீடு கூட்டியாச்சு. மணி ஒம்பதுதான் ஆவுது."

"யாருக்கும் வேண்டாத சாமான் மாதிரி ஓரமா இருக்கேன்."

மூளை இருக்கிற யாரும் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். மாமா ஜென்மத்தில் கரண்டியையோ துடைப்பத்தையோ தொட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரை லேசாகத் தட்டுவார், அவ்வளவுதான். ஆனால் நான்தான் ஆராய்ச்சியாளன் ஆயிற்றே! 'ஐயோ பாவம், மனுஷர் உடைந்துபோய் சமைத்து வீடு கூட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாரே' என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் லிம்மிடம் சொல்லவும் பயம். யாரோ ஒரு ஆலோசகர் போன் பண்ணி 'உங்கள் மனசு எப்படி இருக்கிறது' என்று கேட்டால் மாமா முதலில் போனை உடைப்பார், அடுத்தது என்னை. ஷாமினியிடம் சொல்லலாம் என்றால் கையெழுத்து தடுத்தது. அவள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்தும் சும்மா இருந்தவன் நான் என்று ஆகிவிடும். வேறு வழியில்லை, மாமாவை நானே காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமையானால் கிள்ளான். முதல் வாரம் மனசுக்கு நல்லது என்று கடலைப் பார்க்கக் கூட்டிப்போனேன். முப்பத்து நாலு வருஷம் வேலை செய்த அதே போர்ட் கிள்ளான் கடல். "லீவு நாள்ல ஆபீஸ் பக்கம் ஏன் கூட்டியாந்தீங்க?" என்று கேட்டார். இரண்டாவது வாரம் ஷா ஆலம் ஏரிக்கரையில் கும்பலாக நின்று சிரிக்கும் உடற்பயிற்சி. இருபது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹாஹா என்று சிரிக்க, மாமா கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று, யார் ஒழுங்காகச் சிரிக்கவில்லை என்று சூப்பர்வைசர் பார்வை பார்த்தார். மூன்றாவது வாரம் மனசில் இருப்பதை எழுதச் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். அவர் அதில் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றிய தேதிகளை எழுதினார்.

ஒவ்வொரு வாரமும் கதவைத் திறப்பது அத்தைதான்.

"வாங்க மாப்பிள்ளே. காப்பி போடவா?"

"வேணாம் அத்தே. மாமா ரெடியா?"

அத்தை இருபத்திரண்டு வருஷம் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். அதற்கு முந்தின வருஷக் கடைசியில் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கேக் வெட்டி, "இனிமே ஜாலி லா அத்தே, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று கைதட்டினோம். ஒரு சனிக்கிழமை நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபோது அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எனக்கு வரைஞ்சு குடுத்த படம் மாப்பிள்ளே. எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். பாக்கறீங்களா?"

"அடுத்த வாரம் பாக்கறேன் அத்தே. மாமாவுக்கு நேரமாச்சு."

"சரி, போயிட்டு வாங்க" என்று பெட்டியை மூடினார். எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. இப்போது அந்தப் பெட்டி மூடிய சத்தம் அவ்வப்போது ஞாபகத்துக்கு வந்து என்னைப் பிடுங்கும்.

நான் வைத்தியம் பார்க்கப் பார்க்க மார்க் ஏறியது. எண்பத்தெட்டு தொண்ணூற்றொன்றானது, தொண்ணூற்று நான்கானது. எனக்குத் தூக்கம் போயிற்று. இதற்கு நடுவில் மாமா என்னை ஆராய்ச்சி செய்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஷாமினிக்குப் போன் பண்ணி, "ஏம்மா, உன் புருசனுக்கு என்னமோ சரியில்ல. சனிக்கிழமையானா வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு 'மனசுல என்ன இருக்கு மாமா'ங்கறாரு. அவரக் கொஞ்சம் கவனி" என்றிருக்கிறார்.

அவள் என்னிடம் வந்து நின்றாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"சொல்ல முடியாது ஷாமினி. சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஐந்து மாதக் குடித்தனத்தில் ஒரு மனைவியிடம் சொல்லக்கூடாத பதில்களில் இதற்குத்தான் முதல் பரிசு. இரண்டு நாள் வீட்டில் சாதம் தனி, குழம்பு தனி, பேச்சு கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முனியாண்டி படையல். மாமா வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் சின்னதாக ஒரு மேடை, கல், சூலம், சாமி அருவாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டுக்கறி, கோழி, சுருட்டு எல்லாம் வைத்துப் படைப்பார்கள். சொந்தக்காரர்கள் முப்பது பேர் வருவார்கள். நான் அதற்கு முதல் நாள்தான் மனநல உதவிக் கையேடு ஒன்றைப் படித்திருந்தேன். ஆபத்தான நிலையில் இருப்பவர் வீட்டில் கூரான பொருட்களை எட்டாத இடத்தில் வையுங்கள் என்று அதில் போட்டிருந்தது. அன்றைக்குக் காலை மார்க் தொண்ணூற்றாறு.

ஏழு மணிக்கெல்லாம் நான் மட்டும் கிள்ளானில் இருந்தேன். "முன்னாடியே போய் ஒத்தாசை பண்றேன்" என்று ஷாமினியிடம் சொல்லி, அவளை ட்ரெயினில் வரச் சொல்லியிருந்தேன். மாமா கறி வாங்க பாசார் போயிருந்தார், அத்தை குளித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்த பதினோரு கத்தி, அருவாமனை, தேங்காய் துருவி, தோட்டத்துக் கத்திரிக்கோல் எல்லாவற்றையும் துண்டில் சுற்றி என் மைவி காரின் பின்பக்கத்தில் வைத்தேன். திரும்பும்போது மாமரத்தடியில் பளபளவென்று எலுமிச்சம்பழம் குத்தின சாமி அருவாள். கொஞ்சம் யோசித்தேன். "சாமி, கோவிச்சுக்காதப்பா, உன் பக்தனுக்காகத்தான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அதையும் தூக்கினேன்.

ஒன்பது மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. மாமாவுக்குக் கடையில் வெட்டின கறி பிடிக்காது. பெரிய துண்டமாக வாங்கி வந்து தன் கையால்தான் வெட்டுவார். பத்து கிலோ கறி, ஒரு மூட்டை வெங்காயம், ஆறு பெண்கள், ஒரு கத்திகூட இல்லை.

"சரோஜா, கத்தி எங்க?"

"அங்கதானே வெச்சேன்?"

சுங்கை வே சின்ன மாமா உடனே தீர்ப்பு சொன்னார். "வீட்டுக்குள்ள திருடன் வந்திருக்கான்."

"கத்தியத் திருடறவன் டிவிய விட்டுட்டா போவான்?" என்றாள் அப்போதுதான் வந்து சேர்ந்த ஷாமினி.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து ஒரு அலறல். மாமாவின் அக்கா, எங்கள் எல்லோருக்கும் பெரியத்தை. "ஐயையோ! சாமி அருவாளக் காணோம்!"

வீடே கிடுகிடுத்தது. பெரியத்தைக்குக் கண் செருகியது. "முனியாண்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருடா" என்று ஆட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவரைப் பிடித்தார்கள், பிடித்ததில் ஒருவருக்கும் சாமி வந்துவிட்டது. நான் வேப்பிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றேன். அப்போதுதான் சின்ன மாமா, "ஐஸ் பெட்டி மாப்பிள்ளை கார்ல இருக்குல்ல?" என்றபடி என் கார் பக்கம் நடந்தார். நான் ஓடினேன். கோலமாவை மிதித்து வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்கும்போது அவர் கையில் சாமி அருவாள் இருந்தது.

முப்பது பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். சாமி வந்தவர்களுக்குக்கூட அந்த நிமிஷமே தெளிந்துவிட்டது. மாமா முன்னால் வந்தார்.

"என்ன மாப்பிள்ளே இது?"

பொய் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கத்தியைச் சாணை பிடிக்க எடுத்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வாரமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அவர்மேல் பாய்ந்து கட்டிக்கொண்டேன்.

"மாமா, நீங்க தனியா இல்ல மாமா! நாங்க எல்லாரும் இருக்கோம்!"

மாமா விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஷாமினி, இங்க வாம்மா, இவரப் புடி" என்று மெதுவாகச் சொன்னார்.

"நீங்க எழுதுனது எல்லாம் படிச்சேன் மாமா. எனக்குத் தெரியும்" என்று சட்டைப்பையிலிருந்து, அந்தப் பதிவுகளைக் குறித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். எடுத்தவன் மனசுக்குள் படித்திருக்கலாம். சத்தமாகப் படித்தேன். "சமைச்சு மூடி வெச்சாச்சு. பசியில்ல. வீடு கூட்டியாச்சு. மணி ஒம்பதுதான் ஆவுது..."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மாமாவா வீடு கூட்டுனாரு?" வாசல் முழுக்கச் சிரிப்பு. மாமாவுக்கே மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு அந்த ஃபேஸ்புக்கத் தொறக்கவே தெரியாது மாப்பிள்ளே. மவன் ஜொகூருக்கு வேலைக்குப் போறப்ப அந்த டேப்லட்ல என் பேரப் போட்டு, என் படத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போனான். அதுல எழுதறது எல்லாம் உங்க அத்..."

மாமா பாதியில் நிறுத்தினார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து போயிற்று. என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, தூரமாகப் பிடித்து, மிச்சத்தைத் தானே வாய்க்குள் படித்தார்.

அந்தக் கணக்கு மாமா பெயரில் இருந்தாலும் அதில் எழுதுவது அத்தைதான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நம் வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான். கரண்ட் பில் அவர் பெயரில், வீடு அவர் பெயரில், ஃபேஸ்புக்கும் அவர் பெயரில். புதிதாக வந்த எனக்கு மட்டும்தான் தெரியாது. இப்போது எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தோம். அத்தை வெங்காயத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

பூமி பிளக்காதா என்று பார்த்தேன். ஒரு மனுஷியின் மனசில் இருந்ததை முப்பது பேருக்கு முன்னால் மைக் இல்லாத குறையாக வாசித்திருக்கிறேன்.

"ஏன் எல்லாரும் அப்படிப் பாக்கறீங்க?" என்றார் அத்தை. "நான்தான் எழுதுனேன். எல்லாரும் லைக் போட்டீங்களே. படிச்சிட்டுத்தான் போடறீங்கன்னு நெனச்சேன்."

'யாருக்கும் வேண்டாத சாமான் மாதிரி' என்ற அந்த வரிக்குப் பதினாறு லைக் இருந்தது. பெரியத்தை போட்டிருந்தார். சின்ன மாமா கும்பிடு போட்டிருந்தார். ஷாமினி இதயம் போட்டிருந்தாள். பூப்படத்தைப் பார்த்தோம், கட்டை விரலைத் தட்டினோம், போய்க்கொண்டே இருந்தோம். பதினாறில் ஒன்று என்னுடையது.

அத்தைதான் எங்களைக் காப்பாற்றினார்.

"மொதல்ல கத்தியக் குடுங்க மாப்பிள்ளே. கறி கெட்டுப் போயிரும்."

கறி வெட்டினார்கள், படையல் நடந்தது. சாமிக்கும் அருவாள் திரும்பக் கிடைத்தது. நான் அபராதமாக ஒரு மூட்டை வெங்காயத்தையும் தனியாக உரித்தேன். கொஞ்ச நேரத்தில் மாமா அத்தைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூண்டு உரித்தார். (ஒரு பல் உரிக்க நாலு நிமிஷம்.)

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல சரோ?"

"கேட்டா சொல்லியிருப்பேன்" என்றார் அத்தை. "காலையில ஏழு மணிக்குப் பழக்கத்துல ரெடியாயிடறேன். பொட்டு வெச்சு, சேலைக்குப் பின் குத்தி. எங்கயும் போறதுக்கு இல்ல. அப்படியே நாற்காலியில உக்காந்திருவேன். சாயங்காலம் ஆயிடும்." என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை ஒவ்வொரு வாரமும் வந்து உங்களத்தான் கேட்டாரு, மனசுல என்ன இருக்குன்னு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் மானம் தப்பித்தது.

அடுத்த நாள் மாமா லீவு போட்டார். (ஓய்வு பெற்றவர்தான். ஆனால் கோயில் கமிட்டிக்குப் போன் பண்ணி லீவு சொன்னார்.) அத்தையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருந்து, ஆலோசகர், மறுபடி ஆலோசகர் என்று மாதக்கணக்கில் போனார்கள். ஒவ்வொரு தடவையும் மாமா தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். நானும் அந்த அட்டைப்பெட்டியை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எல்லாப் படத்திலும் அத்தைக்கு ஆறு விரல் இருந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அத்தையிடம் எழுத்துப் படிக்க வருகிறார்கள்.

டாக்டர் லிம்மிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கேட்டார். எழுதியவர் கையெழுத்துப் போடவில்லை, கையெழுத்துப் போட்டவர் எழுதவில்லை, ஆகவே இருபத்து மூன்றாம் எண்ணை அடியோடு அழிக்கச் சொன்னார். பட்டியலைத் திறந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கையும் கிடைத்தது. படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப்போயிற்று. கிளம்பும்போது, "உன் மெஷின் தப்புப் பண்ணவில்லை" என்றார்.

அத்தை இப்போது சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு கணக்கு வைத்திருக்கிறார். ஆனால் முக்கியமான அறிவிப்பு குடும்ப வாட்ஸ்அப்பில்தான் வரும். காலையில் எல்லோரும் வணக்கம் போடும்போது அவர் மார்க் போடுவார். "இன்னிக்கு இருபது." "இன்னிக்கு முப்பத்தஞ்சு, முட்டி வலி." முதலில் என்னைக் கிண்டல் பண்ணத்தான் ஆரம்பித்தார். இப்போது குடும்பமே மார்க்கில்தான் பேசுகிறது. சின்ன மாமாகூட அனுதாபச் செய்திக்குக் கீழே "எனக்குப் பத்துதான்" என்று போடுகிறார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பி குடிக்கும்போது செய்தி வந்தது. "இன்னிக்கு எழுபது."

ஷாமினி பையை எடுத்தாள். நான் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஏற்கெனவே சின்ன மாமாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. பெரியத்தை வீட்டு உடையிலேயே ஓடி வந்திருந்தார். மாமா கோயில் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அத்தை சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சும்மாதான் போட்டேன். மெஷின் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"எந்த மெஷின் அத்தே?" என்றேன்.

"நீங்க எல்லாரும்தான்."

திட்டலாம் என்று வாயைத் திறந்த ஷாமினி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் அவரைக் கட்டிக்கொண்டாள். சும்மா போட்ட எழுபதா, நிஜமான எழுபதா என்று நாங்கள் கேட்கவில்லை. அடுப்பில் ஆறு பேருக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, வெங்காயம் வெட்டலாம் என்று சமையலறைக்குள் போனேன்.

"யாராவது உள்ள போங்க" என்று கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவரு கத்தி பக்கத்துல நிக்கறாரு!"